டாஸ்க் மேனேஜரைப் பார்த்துப் புது சர்வர் வாங்காதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு, வணக்கம்.

கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடனைத் திருப்பப் போய், "சர்வர் ஸ்லோ" என்று மத்தியானம் வரை உட்கார வைக்கப்பட்ட வாசகர் ஒருவரின் கடிதத்தைச் சென்ற வாரம் வெளியிட்டிருந்தீர்கள். அவருடைய கோபம் நியாயமானது. ஆனால் பழைய சர்வரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது வாங்குங்கள் என்று கடைசியில் அவர் சொன்னது எனக்கு ஒப்பவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிகள், சில மருத்துவமனைகள், பக்கத்து ஊர் நூற்பாலைகள் ஆகியவற்றின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் தொழில். "ரொம்ப ஸ்லோவா இருக்குதுங்க" என்று கூப்பிடும் இடங்களில், நான் போவதற்கு முன்பே புது சர்வருக்கான கொட்டேஷன் மேசைக்கு வந்திருக்கும். பெரும்பாலும் அது தேவைப்படுவதில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி சர்வர் இருந்த காலம் போய்விட்டது. இப்போது ஒரே இரும்புப் பெட்டி. அதில் ஹைப்பர்வைசர் என்ற அடித்தள மென்பொருள் ஓடும். அதன் மேல் ஐந்தாறு விஎம்கள், அதாவது மெய்நிகர் கணினிகள். ஒன்றில் ஈ.ஆர்.பி. (சம்பளம், சரக்கு என்று கம்பெனி நிர்வாகம் முழுவதையும் பார்க்கும் மென்பொருள்), ஒன்றில் டேலி, ஒன்றில் ஆள் வருகைப் பதிவு, ஒன்றில் கோப்புகள். பெரிய கணினிகளில் ஐபிஎம் இதை 1972-லேயே விற்றது. நம் அலுவலகங்களில் இருக்கும் இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களுக்குள்ளேயே இதற்கான வசதி வரத் தொடங்கியது 2005-ஐ ஒட்டித்தான். ஒவ்வொரு விஎம்மும் தனக்கென்று ஒரு முழுக் கணினி இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அப்படி நினைக்க வைப்பதுதான் ஹைப்பர்வைசரின் வேலையே. ஆகவே அடியில் கோளாறு வந்தால் விஎம்முக்குள் உட்கார்ந்து பார்ப்பவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் புலப்படாது.

திருப்பூரில் சனிக்கிழமை என்றால் வாரச் சம்பளம். ஒரு பனியன் கம்பெனியில் சனிக்கிழமை மதியமானால் சம்பளப் பட்டியல் பாதியில் நின்றுவிடும். கட்டிங், தையல், செக்கிங் ஆட்களெல்லாம் கணக்குப் பிரிவு ஜன்னலில் நிற்பார்கள். ஈ.ஆர்.பி. விற்றவர்கள் அவர்கள் ஊரிலிருந்தே இணையம் வழியாகப் பார்த்து, "ப்ராசஸர் பத்தலை, கூட்டிக் குடுங்க" என்றார்கள். கோர் என்பது ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதி. 4 கோர் வைத்திருந்த விஎம்முக்கு 16 கோர் கொடுத்தார்கள். அடியில் இருக்கும் சர்வரில் மொத்தமே 16 கோர்தான். அடுத்த சனிக்கிழமை நிலைமை இன்னும் மோசமானது. முதலாளி என்னைக் கேட்டார்: "ஏனுங்க தம்பி, டாஸ்க் மேனேஜர்ல முப்பது பர்சென்ட்கூடத் தாண்டலீங்க. அப்புறம் எப்படீங்க ஸ்லோவா இருக்கும்?"

சரியான கேள்வி. ப்ராசஸர் எவ்வளவு வேலை செய்கிறது என்று விண்டோஸ் காட்டும் திரைதான் டாஸ்க் மேனேஜர். கல்யாணப் பந்தியில் 16 இலை போட்டிருக்கிறது. 16 பேர் கொண்ட குடும்பம் ஒன்று, "நாங்க எல்லாரும் சேர்ந்துதான் உட்காருவோம்" என்று ஓரமாக நிற்கிறது. இரண்டு பேர், நான்கு பேராக வந்தவர்கள் காலியான இலையில் உட்கார்ந்து, சாப்பிட்டு, எழுந்து போய்க்கொண்டே இருப்பார்கள். அங்கே இருந்த ஹைப்பர்வைசர் விஎம்வேர். அதன் பழைய பதிப்புகள் அந்தக் குடும்பத்தைப் போலவே, கேட்ட கோர் அத்தனையும் ஒருசேரக் கிடைத்தால்தான் விஎம்மை ஓடவிட்டன. பிறகு அதைத் தளர்த்திவிட்டார்கள். ஆனாலும் ஒரு கோர் முன்னே ஓடி இன்னொன்று ரொம்பப் பின்தங்கினால், முன்னே போனதை நிறுத்தி வைக்கத்தான் செய்கிறது. காத்திருக்கும் நேரம் விண்டோஸின் கணக்கில் வராது. ஓரமாக நிற்கும்போது அதற்கு நினைவே கிடையாது, எழுப்பினால்தான் உயிர். அதனால்தான் டாஸ்க் மேனேஜர் 30 சதவீதம் என்று சாதுவாகக் காட்டிக்கொண்டிருந்தது.

அடியில் போய்ப் பார்த்தால் எண் இருக்கிறது. ஓடத் தயாராக இருந்தும் நிஜக் கோர் கிடைக்காமல் நின்ற நேரத்தை விஎம்வேர் 'ரெடி' என்று தனியாகக் கணக்கு வைக்கிறது. அதன் உடனடி வரைபடம் 20 நொடிக்கு ஒரு புள்ளி வைக்கும். அந்த 20 நொடியில் ஒரு கோருக்கு 1,000 மில்லிநொடி ரெடி என்றால் 5 சதவீதம். 5-ஐத் தாண்டினால் கவனிக்க வேண்டும், 10-ஐத் தாண்டினால் திட்டு விழும். அந்த விஎம்மில் 20-க்கு மேல் இருந்தது. (வரைபடம் எல்லாக் கோர்களையும் கூட்டிக் காட்டுகிறதா, தனித்தனியாகக் காட்டுகிறதா என்று பார்த்து வகுத்துக்கொள்ள வேண்டும். வகுக்காமல் பதறிப்போனவர்களை எனக்குத் தெரியும்.) லினக்ஸ் விஎம் என்றால் உள்ளிருந்தே ஓரளவு தெரியும். 'டாப்' கட்டளையின் மேல் வரியில் 'எஸ்டி' என்று ஒரு எண் வரும். தனக்கு வர வேண்டிய நேரத்தில் எவ்வளவு வேறு இடத்துக்குப் போய்விட்டது என்பதன் கணக்கு அது.

கோர்களை 16-லிருந்து பழையபடி 4 ஆக்கினோம். மற்ற விஎம்கள் எல்லாவற்றிலும் சனி மதியத்துக்கென்று யாரோ வைத்துவிட்டுப் போயிருந்த வைரஸ் ஸ்கேனை ராத்திரிக்குத் தள்ளினோம். சம்பளம் ஓடியது. ஒரு ரூபாய் செலவில்லை. ஈ.ஆர்.பி. விற்றவர்கள் மட்டும் கோர் குறைந்ததை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுத்தது பேட்டரி. யு.பி.எஸ். பேட்டரியைச் சொல்லவில்லை. சர்வருக்குள்ளே ஹார்ட் டிஸ்க்குகளைக் கட்டி ஆளும் ரெய்டு கார்டில் தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு பேட்டரி இருக்கும். ஒரு மருத்துவமனையில் புறநோயாளிப் பதிவு ஒரு ஆளுக்கு இரண்டு நிமிடம் பிடிக்க ஆரம்பித்தது. காலை எட்டு மணிக்கே வரிசை வாசலைத் தாண்டிவிடும். ப்ராசஸர் 10 சதவீதம், மெமரி தாராளம், நெட்வொர்க் சும்மா கிடக்கிறது. சர்வருக்கு ஏழு வயது ஆகிவிட்டது, மாற்ற வேண்டியதுதான் என்று முடிவு கட்டியிருந்தார்கள்.

ரெய்டு கார்டு, எழுதச் சொன்னதை முதலில் தன் சொந்த மெமரியில் வாங்கிக்கொண்டு, "எழுதிவிட்டேன்" என்று உடனே பதில் சொல்லிவிடும். பிறகு ஆற அமர டிஸ்க்கில் இறக்கும். இடையில் மின்சாரம் போனால் அந்த மெமரியைக் காப்பாற்றத்தான் அந்தப் பேட்டரி. பேட்டரி செத்தால் கார்டுக்குத் துணிச்சல் போய்விடும். அதன்பின் ஒவ்வொன்றையும் டிஸ்க்கில் நிஜமாக எழுதி முடித்த பிறகே பதில் சொல்லும். நிமிடத்துக்கு 7,200 சுற்றுச் சுற்றும் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கே 8.3 மில்லிநொடி ஆகிறது. முள் நகர்வதையும் சேர்த்தால் ஒரு டிஸ்க் நொடிக்கு 80 வேலை செய்தால் பெரிது. நான்கு டிஸ்க்குக்கு 320. அவை ரெய்டு 5 முறையில், அதாவது ஒரு டிஸ்க் செத்தாலும் தகவல் தப்பும்படி, சேர்த்துக் கட்டியவை. அதில் சின்னதாக ஒன்றை எழுதவே இரண்டு முறை படித்து இரண்டு முறை எழுத வேண்டும். 320-ஐ 4-ஆல் வகுத்தால், ஆறு விஎம்மும் சேர்ந்து நொடிக்கு 80 முறைதான் எழுத முடியும். நோயாளிப் பதிவு, மருந்தகம், லேப், பில் எல்லாம் அந்த எண்பதுக்குள் அடிதடி.

இதை மட்டும் விஎம்முக்குள்ளிருந்தே கண்டுபிடித்திருக்கலாம். விண்டோஸின் ரிசோர்ஸ் மானிட்டரில் டிஸ்க் பதில் சொல்ல எடுக்கும் நேரம் இருக்கிறது. யாரும் அந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. ஹோஸ்டில், அதாவது அடியில் இருக்கும் நிஜ சர்வரில், பார்த்தால் தாமதம் இரண்டாகப் பிரிந்து தெரியும்: டிஸ்க் பக்கம் எவ்வளவு, ஹைப்பர்வைசருக்குள் எவ்வளவு. டிஸ்க் பக்கம் 20, 25 மில்லிநொடியைத் தாண்டினால் சேமிப்பகத்தைச் சந்தேகப்படலாம். அங்கே 70-க்கும் 90-க்கும் இடையில் ஆடிக்கொண்டிருந்தது. ஹைப்பர்வைசர் பக்கம் கிட்டத்தட்டப் பூஜ்யம். அந்த இரண்டு எண்களைப் பார்த்ததுமே மென்பொருளை விட்டுவிட்டு ரெய்டு கார்டின் பதிவேட்டைத் திறந்தேன். பேட்டரி செத்த தேதியே அதில் இருந்தது. சர்வரின் முன்பக்கத்தில் ஆரஞ்சு விளக்கும் அன்றிலிருந்து எரிந்துகொண்டுதான் இருந்தது. "அது எப்பவும் அப்படித்தாங்க எரியும்" என்றார் அங்கிருந்த பையன். சில ஆயிரம் ரூபாய் பேட்டரி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலை முடிந்தது.

இதில் ஒரு கிளைக்கதையும் உண்டு. பேட்டரி நன்றாக இருந்தாலும் சில கார்டுகள் சில மாதங்களுக்கு ஒருமுறை அதைத் தாங்களே முழுக்க இறக்கி ஏற்றிச் சோதிக்கும். அந்தச் சில மணி நேரமும் இதே மந்தம்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பேய் பிடிக்கிறது என்று சொல்பவர்கள் அந்தச் சோதனையின் தேதியைப் பார்க்கலாம். புதிய கார்டுகளில் பேட்டரிக்குப் பதில் கெப்பாசிட்டர் வைக்கிறார்கள், தொல்லை குறைவு.

அடுத்து எங்கள் ஊருக்கே உரியது, பஞ்சு. நிட்டிங் ஓடும் கட்டடத்திலேயே சர்வர் அறை இருந்தால், காற்றில் மிதக்கும் பஞ்சு விசிறி வழியாகப் போய் ப்ராசஸர் மேலிருக்கும் உலோகச் சீப்பில் மெத்தைபோல் படியும். வெப்பம் வெளியேற வழியில்லை. ப்ராசஸர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் ஓட வேண்டியது அதில் பாதிக்கும் கீழே ஊரும். விஎம்மோ 2.4 என்றே காட்டிக்கொண்டிருக்கும், அதற்குச் சொல்லப்பட்டது அதுதான். இதோடு யு.பி.எஸ். கூத்தும் சேரும். மின்வெட்டு வந்தால் சர்வர் யு.பி.எஸ்.ஸில் ஓடும், ஏ.சி. ஓடாது. பூட்டிய சின்ன அறையில் சித்திரை மாதத்து ஒரு மணி நேரம் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. சர்வர் அறைக்கு 18 முதல் 27 டிகிரி வரை என்பது உலகம் முழுக்கப் பின்பற்றும் பரிந்துரை. நான் 41 பார்த்திருக்கிறேன். ராத்திரி ஆள் இல்லையே என்று ஏ.சி.யை அணைத்துவிட்டுப் போகும் வாட்ச்மேனைத் திட்டுவதில் பயனில்லை. அங்கே எந்நேரமும் ஓடும் ஒன்று இருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். வெப்பம் சரியாக இருந்தும் மந்தம் என்றால் பயாஸில் (சர்வரின் அடிப்படை அமைப்புகள் இருக்கும் இடம்) மின்சிக்கன முறை வைத்திருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். நிறைய சர்வர்கள் அப்படியே தொழிற்சாலையிலிருந்து வருகின்றன.

மெமரி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கூகுள் தன் சர்வர்களை வைத்து நடத்தி 2009-இல் வெளியான ஆய்வு, ஓராண்டில் 8 சதவீதத்துக்கும் மேலான ரேம்களில் பிழை வந்ததாகக் காட்டியது. அவற்றில் பெரும்பாலானவை தானே திருத்திக்கொள்ளக்கூடிய பிழைகள். திருத்த முடியாத பிழை ஒன்று வந்தால் ஹைப்பர்வைசர் பெரும்பாலும் மொத்தமாக நின்றுவிடும். விஎம்வேரில் ஊதா நிறத் திரை வரும். ஆறு விஎம்மும் ஒரே நேரத்தில் போகும். திரையை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளாமல் ரீஸ்டார்ட் செய்யாதீர்கள். பிறகு சர்வரின் வன்பொருள் பதிவேட்டில் எந்த ஸ்லாட் என்று இருக்கும். அந்த ரேமை வேறு ஸ்லாட்டுக்கு மாற்றிப் போடுங்கள். பிழை கூடவே போனால் ரேம் கெட்டது, பழைய இடத்திலேயே நின்றால் போர்டு அல்லது ப்ராசஸர். திருத்தப்பட்ட பிழைகள் ஒரே ஸ்லாட்டில் வாராவாரம் பெருகினால் ஊதாத் திரைக்காகக் காத்திருக்க வேண்டாம். ரேம் பற்றாக்குறை வேறு கதை. 64 ஜிபி இருக்கும் சர்வரில் 90 ஜிபிக்கு விஎம்களுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, ஹோஸ்ட் ஒரு விஎம்மின் மெமரியை ரகசியமாக டிஸ்க்குக்குத் தள்ளிக்கொண்டிருக்கும். அந்த விஎம்முக்குத் தன் மெமரி டிஸ்க்கில் இருப்பதே தெரியாது. ஹோஸ்டில் 'பலூன்' (விஎம்மிடமிருந்து திரும்ப வாங்கிய மெமரி), 'ஸ்வாப்' (டிஸ்க்குக்குத் தள்ளிய மெமரி) என்ற இரண்டு எண்கள் பூஜ்யமாக இல்லாவிட்டால் அங்கேயே தேடலை நிறுத்தலாம்.

ஸ்னாப்ஷாட்டுகளையும் சொல்லிவிடுகிறேன். ஏதாவது தப்பானால் திரும்பிப் போக, விஎம்மின் அந்த நேரத்து நிலையைப் பிடித்து வைப்பதுதான் ஸ்னாப்ஷாட். மென்பொருளைப் புதுப்பிக்கும் முன் ஒரு ஸ்னாப்ஷாட் எடுப்பது நல்ல பழக்கம். "இருக்கட்டும், சேஃப்டிக்கு" என்று ஒன்றரை வருடம் விட்டுவைப்பதுதான் வினை. எடுத்த நாளிலிருந்து மாறியதெல்லாம் தனிக் கோப்பில் சேரும், படிக்கும்போது இரண்டையும் தடவிப் பார்க்க வேண்டிவரும், டிஸ்க் நிரம்பிக்கொண்டே போகும். 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள் என்று விஎம்வேரே சொல்கிறது. இடம் சுத்தமாகத் தீர்ந்த நாளில் எழுத இடமில்லாமல் விஎம்கள் வரிசையாக நிற்கும். ஸ்னாப்ஷாட் பேக்கப் ஆகாது.

இந்த இரண்டு வருடமாக வேறு ஒரு வகை அழைப்பு வருகிறது. 2023 நவம்பரில் விஎம்வேரை பிராட்காம் வாங்கியது. அடுத்த மாதமே ஒரே தடவை பணம் கட்டி வாங்கும் லைசென்ஸ் முறையை நிறுத்திவிட்டார்கள். சந்தா கட்ட முடியாத சின்னக் கம்பெனிகள் பல ப்ராக்ஸ்மாக்ஸ் என்ற மாற்று மென்பொருள் பக்கம் போகின்றன. அது வியன்னா நிறுவனம் ஒன்றின் இலவச மென்பொருள். 2007-இல் லினக்ஸோடு சேர்ந்த கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர் மேல் ஓடுவது. நல்ல மென்பொருள். ஆனால் மாற்றிக் கொடுப்பவர்கள் விஎம்மை எப்படியாவது பூட் ஆக வைத்தால் போதும் என்று டிஸ்க்கை பழைய ஐடிஇ வகையிலும், நெட்வொர்க்கை இ1000 என்ற பழைய இன்டெல் கார்டு வகையிலும் விட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தப் பழைய கார்டு நிஜத்தில் அங்கே இல்லை. அதை மென்பொருள் நடித்துக் காட்ட வேண்டும். ஒவ்வொரு நடிப்புக்கும் ப்ராசஸர் செலவாகும். விஎம்களுக்கென்றே எழுதப்பட்ட விர்ட்ஐஓ என்ற டிரைவரை விண்டோஸில் போட்டு, வகையை மாற்றினால் பெரும்பாலும் மந்தம் போய்விடும். டிரைவரை முதலில் போட வேண்டும், அப்புறம்தான் பூட் டிஸ்க் வகையை மாற்ற வேண்டும். தலைகீழாகச் செய்தால் நீலத் திரைதான். இதைச் செய்யாமல், "ஓசி சாஃப்ட்வேர் அப்படித்தான் இருக்கும்" என்று பழி போடுவதை அடிக்கடி கேட்கிறேன்.

புது சர்வரே வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஏழு, எட்டு வருடமான டிஸ்க்குகளை வைத்துக்கொண்டு தைரியமாக இருக்க முடியாது. ஆனால் புதியது வாங்கினால் கவலை விட்டது என்பதும் உண்மையில்லை. 2019 நவம்பரில் எச்.பி.ஈ. நிறுவனமே அறிவித்தது: அவர்களுடைய குறிப்பிட்ட சில எஸ்எஸ்டி டிஸ்க்குகள் ஃபர்ம்வேர் (டிஸ்க்குக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பிழையால் 32,768 மணி நேரம் ஓடியதும் செத்துவிடும், உள்ளே இருப்பது திரும்பக் கிடைக்காது. மூன்று வருடம் ஒன்பது மாதத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே நாளில் போட்ட டிஸ்க்குகள் கிட்டத்தட்ட ஒரே நாளில் போகும் என்றால் ரெய்டு எதைக் காப்பாற்றும்? சரிசெய்த ஃபர்ம்வேரையும் உடனே கொடுத்தார்கள். அதை ஏற்றுவது யார் பொறுப்பு என்பதுதான் கேள்வி.

அந்தக் கேள்விக்குத்தான் எங்கும் பதில் இல்லை. மென்பொருள் விற்றவர் வன்பொருளைக் கைகாட்டுவார். வன்பொருள் விற்றவர், "பவர் வருது, டிஸ்க் ஓடுது, எங்க பக்கம் ஓகே" என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு போவார். நடுவில் இருக்கும் ஹைப்பர்வைசரைக் கேட்க ஆளில்லை. நான் படித்துப் பார்த்த ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்களில் பலவற்றில் பேட்டரி "நுகர்பொருள்" என்று விலக்கப்பட்டிருக்கிறது. சர்வரின் உடல்நிலையைத் தனியாகச் சொல்வதற்கென்றே பின்பக்கம் ஒரு நெட்வொர்க் போர்ட் இருக்கிறது. டெல் அதை ஐடிராக் என்கிறது, எச்.பி.ஈ. ஐலோ என்கிறது. பாதி இடங்களில் அதில் கேபிளே செருகியிருக்காது. செருகியிருந்தாலும் எச்சரிக்கை மின்னஞ்சல், வேலையை விட்டு எப்போதோ போய்விட்ட ஒருவருக்குப் போய்க்கொண்டிருக்கும்.

ஆகவே டெண்டர் எழுதும் அலுவலர்களுக்கும், சங்கச் செயலாளர்களுக்கும், என் ஊர் முதலாளிகளுக்கும் ஒரு கோரிக்கை. பராமரிப்பு ஒப்பந்தத்தில் ரெய்டு பேட்டரியையும் ஃபர்ம்வேரையும் சேர்த்து எழுதுங்கள். மாதம் ஒருமுறை ரெடி சதவீதம், டிஸ்க் தாமதம், பலூன், ரேம் பிழை, அறை வெப்பம், பழைய ஸ்னாப்ஷாட் ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால்தான் பணம் என்று போடுங்கள். அந்தப் பக்கம் கையில் இல்லாமல் புது சர்வர் கொட்டேஷனில் கையெழுத்துப் போடாதீர்கள். இதையெல்லாம் ஒப்பந்தத்தில் சேர்க்க அரைப் பக்கம் போதும். எந்தச் சங்கமாவது, அலுவலகமாவது மாதிரி வாசகம் கேட்டால் தமிழிலேயே எழுதித் தரத் தயார். தங்கள் அலுவலகம் வழியாக எனக்குத் தெரிவிக்கலாம்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்பு வேலை பார்க்கும் தங்கள் வாசகர்,
திருப்பூர்.